ஆமாம் போட்ட நாய்

ஞானசேகரனின் பெரிய எஸ்யூவியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு தலையாட்டும் நாய் பொம்மை ஒட்டியிருந்தது. பக்கத்தில் மனைவி வாசுகி இருந்தாலும், "நான் சொல்றது சரிதானே?" என்று அவர் அந்த நாயிடம்தான் கேட்பார். நாயும் நன்றாக யோசித்துவிட்டு ஆமாம், ஆமாம் என்று தலையாட்டும். தன் தலையைப் பற்றி அதற்கு ஏகப் பெருமை.

"ரோட்டுல இருக்கிற குழிதான் உன்னை ஆட்டுது," என்றது மேலே இருந்த கண்ணாடி.

"நாளெல்லாம் பின்னாடியே பாக்கிற உனக்கு முன்னாடி நடக்கிறது என்ன தெரியும்?" என்றது நாய்.

இடுப்புவலி பொறுக்காமல் ஞானசேகரன் ஒருநாள் நாலு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பரை உயர்ந்த ரகமாக மாற்றினார். அதே குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி இப்போது படகு மாதிரி மிதந்தது.

"செலவானாலும் நல்ல வேலை. நான் சொல்றது சரிதானே?" என்றார்.

நாய்க்குத் தலை அசையவில்லை. எவ்வளவு முயன்றும் கழுத்து கல்லாய் நின்றது. வாசுகி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். அவர் முகம் சுருங்கியது. இன்றோடு குப்பைத்தொட்டிதான் என்று நாய் நடுங்கியது; அந்த நடுக்கத்திலும் தலை ஆடவில்லை.

ஞானசேகரன் விரலை நீட்டி அதன் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஆமாம், ஆமாம், ஆமாம்.

"பாத்தியா, இதுவே ஒத்துக்குது," என்றார் மனைவியிடம்.

நாய் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தது. "இப்ப சொல்லு, எங்கே இருக்கு குழி?"