உதைக்காத துப்பாக்கி

"உதைக்காத துப்பாக்கி ஒண்ணு வேணுங்க. புதுசா கத்துக்கறதுக்கு."

சொல்லிவிட்டு அந்த ஆள் தரையைப் பார்த்தார். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற நோலன். ஆறடிக்கு மேல் உயரம், வாசலை அடைக்கிற தோள்கள். அவருக்குப் பின்னால் பதினாறு வயது மகள் டெஸ்ஸா, சுவரில் வரிசையாக நின்ற துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோர்னாவுக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப் போயிற்று. இருபத்தாறு வருஷமாக அமெரிக்காவின் மொன்டானாவில் துப்பாக்கிக் கடை நடத்துகிறாள். மான் வேட்டைக் காலம் நெருங்கினால் போதும், அப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். லோர்னா என்ன சொன்னாலும் கேட்காமல், கரடியைச் சாய்க்கிற துப்பாக்கியாகப் பார்த்து வாங்கிப் போவார்கள். முதல் குண்டிலேயே துப்பாக்கி பின்பக்கமாக உதைத்து, பிள்ளைக்குத் தோள் கன்றிப்போகும். அடுத்த குண்டைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடும். அப்புறம் அந்தப் பயம் லேசில் விடாது. உதைக்காததாக வேண்டும் என்று தானாக வாய்திறந்து கேட்ட முதல் அப்பா இவர்தான்.

"உதைக்காத துப்பாக்கின்னு உலகத்துலேயே ஒண்ணு கிடையாது. தட்டிக்கொடுக்கிற மாதிரி உதைக்கிறது இருக்கு," என்றாள் லோர்னா. "இதுக்கு முன்னாடி சுட்டதுண்டா?"

"ஒரே ஒரு தடவை," என்றார் நோலன். "யாரோ கொடுத்த பெரிய துப்பாக்கி. ஒரு வாரம் தோள் நீலமாக் கிடந்துது. அதுலேருந்து தொடவே பயம்."

லோர்னா டெஸ்ஸாவைப் பரிவோடு பார்த்தாள். டெஸ்ஸா அப்பாவைப் பார்த்தாள்.

வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்பு முடித்தாயிற்றா என்று லோர்னா கேட்டாள். போன வாரம் முடிந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்றார் நோலன், காதுமடல் சிவக்க. டெஸ்ஸாவுக்கு வாயெல்லாம் பல்.

லோர்னா முதலில் டூ-ஃபார்ட்டி-த்ரீ ரகத் துப்பாக்கி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உதை ரொம்பக் குறைவு, மானுக்குத் தாராளமாகப் போதும். மானோடு சரியா, எல்க்கும் உண்டா என்று கேட்டாள். நோலன் தயங்கினார். இந்த வருஷம் மான், அடுத்த வருஷம் எல்க் என்று டெஸ்ஸா முந்திக்கொண்டாள். மான் இனம்தான் என்றாலும் குதிரை அளவு உடம்புள்ள எல்க்குக்கு இந்தக் குண்டின் எடை பத்தாது. லோர்னா அதை எடுத்து வைத்துவிட்டு, சிக்ஸ்-ஃபைவ் க்ரீட்மோர் ரகத்தில் இரண்டைக் கொண்டுவந்தாள், லேசானது ஒன்று, கனமானது ஒன்று. உதையும் மிதம், கிட்டத்தில் நிற்கிற எல்க்கையும் வீழ்த்தும்.

நோலனின் கை லேசானதன் பக்கம் போயிற்று. மலையில் சுமந்து ஏறச் சுலபமாக இருக்குமே என்றார்.

"ஏறும்போது சுலபமா இருக்கும், சுடும்போது தெரியும்," என்று லோர்னா அதை வாங்கி வைத்தாள். "லேசான துப்பாக்கி வர்ற உதையை அப்படியே தோளுக்கு அனுப்பிடும். கனமானது பாதியைத் தானே வாங்கிக்கும். பின்னாடி ரப்பர் வேற இருக்கு, அமுக்கிப் பாருங்க."

நோலன் கட்டைவிரலால் ரப்பரை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். பெண்ணின் கை நீளத்தைக் கண்ணால் அளந்த லோர்னா, இதிலேயே தோளில் அணைக்கிற கட்டை குட்டையானது ஒன்று இருக்கிறது என்று உள்ளே போகத் திரும்பினாள். வேண்டாம், முழு நீளமே சரி என்று சொல்லிவிட்டாள் டெஸ்ஸா. வளர்கிற வயசுதானே என்று லோர்னாவும் விட்டுவிட்டாள்.

கடைக்குப் பின்னால் மண்மேட்டை ஒட்டி, சுட்டுப் பார்க்க ஒரு திடல் இருந்தது. லோர்னா அவர்களை அங்கே கூட்டிப் போய், நூறு கஜத்தில் குறி போட்ட தாளைக் குத்தி, மேஜையில் மணல்மூட்டை வைத்து, ஐந்து குண்டும் காதடைப்பானும் கொடுத்தாள். டெஸ்ஸா துப்பாக்கியை வாங்கின கையோடு முனையை மேட்டுப்பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் லோர்னாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடையில் யாரோ கூப்பிட, நீங்கள் சுட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனாள்.

வந்தவரிடம் பேசிக்கொண்டே காதைப் பின்பக்கம் வைத்திருந்தாள். ஒரு வெடி கேட்டது. அதன் பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. பயந்துவிட்டது பிள்ளை என்று நினைத்தபோது இரண்டாவது கேட்டது. பிறகு மூன்று வெடி, ஒரே சீராக.

அவள் திரும்பி வந்தபோது துப்பாக்கி திறந்தபடி மேஜையில் கிடந்தது. டெஸ்ஸா தாளைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு ஓட்டை ஓரத்தில். மற்ற நான்கும் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். நோலன் மலையைப் பார்த்துத் திரும்பி நின்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லோர்னாவுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. "முதல் குண்டுலதான் பயம் இருந்திருக்கு, அப்புறம் போயிடுச்சு," என்றாள் அவரிடம். "உங்க பொண்ணை நினைச்சு நீங்க பெருமைப்படணும்."

"நான் சுடலைங்க," என்றாள் டெஸ்ஸா, தாளைக் கசங்காமல் சுருட்டிக்கொண்டே. "சொல்லிக்கொடுத்த அம்மா போனதுலேருந்து ரெண்டு வருஷமா நான் தனியா மலையேறி மான் அடிச்சுட்டு வரேன். இனிமே கூட வரணும்னு இவர் அந்த வகுப்புல பன்னெண்டு வயசுப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காந்து படிச்சார். அஞ்சும் எங்கப்பா சுட்டது."