நாலாவது பூச்சு

தம்பி இரண்டே நாள்தான் இருந்தான். கண் திறக்கவே இல்லை. அடக்கத்துக்கு முன் மம்மி அவனை மடியில் வைத்திருந்த ஒரே படத்தைத்தான் நான் பழைய முறையில் அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நூறு வருடத்துக்கு முந்தைய செய்முறை. கருவேலம் பிசினில் சாயமும் டைகுரோமேட் உப்பும் கலந்து தாளில் பூசி, மேலே நெகட்டிவை வைத்து, எங்கள் காக்ஸ் டவுன் வீட்டு மொட்டைமாடி வெயிலில் காட்டிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் படம் அழுத்தமாகும். அவ்வளவுதான் நடக்க வேண்டும்.

இரண்டாவது பூச்சைக் கழுவியபோது தம்பியின் இமை பாதி திறந்திருந்தது. மூன்றாவதில் முழுதாகத் திறந்துவிட்டது.

மம்மி தண்ணீர்த் தட்டின் மேல் குனிந்து அழுதாள். "ஐயோ, அப்படியே உங்க டாடி கண்ணுடி, ஷெரில்! இன்னொரு கோட்டிங் போடு. சிரிக்கிறானான்னு பாக்கலாம்."

"வேணாம் மம்மி. படத்துல முதல்ல நீ நேரா பாத்துட்டு இருந்த. இப்ப உன் கண்ணு மூடியிருக்கு."

"தெரியும். ரெண்டாவதுலயே பாத்துட்டேன். நீ போடு."

நெகட்டிவை ஒளித்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை. கதவிடுக்கில் சமையலறை தெரிகிறது. லைட்டைப் போட்டுக்கொண்டு, நாளைக்காக மம்மியே பிசின் ஊறவைக்கப் போகிறாள். கிண்ணம் அவள் முன்னால்தான் இருக்கிறது. மேடை முழுவதும் கையால் தடவித் தேடுகிறாள்.