கொங்சிக் கால்வாய்

தண்ணீர் என்று சொல்லவே நாக்கு கூசியது. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஆடை கட்டிக் கிடந்தது. அதன்மேல் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. லோகேஸ்வரி கையுறை மாட்டிய கையால் அதற்குள் போத்தலை அமிழ்த்தினாள்.

லிங்கி ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் அது. தோட்டக் கோயிலின் பின்புறமிருந்து வரும் அந்தக் கால்வாய், பங்களாதேஷ் தொழிலாளர்கள் பதினொரு பேர் தங்கியிருக்கும் கொங்சிக் கொட்டகையை ஒட்டி ஓடுகிறது. லோகேஸ்வரி அதே தோட்டத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். தண்ணீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வை வைத்து அதில் என்னென்ன கிருமி வாழ்கிறது, எந்தெந்தச் செடியின், பிராணியின் மிச்சம் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆய்வு.

கோயில் தலைவர் தர்மேந்திரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

“டெஸ்ட்டே வேணாம்மா. நாத்தமே சொல்லுதே யாரு வேலைன்னு. கக்கூஸ் கட்டிக் குடுத்தும் இவனுங்க இங்கதான் வந்து ஒக்கார்றானுங்க.”

“நீங்க பாத்தீங்களா அங்கிள்?”

“அத வேற பாக்கணுமா? தூ.” நிஜமாகவே துப்பினார். “நேத்து மூணாவது புரட்டாசி சனி. வாராவாரம் நானூறு பேருக்கு அன்னதானம். இந்த வீச்சத்துல பாதிப் பேரு சாப்பிட முடியாம எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டாங்க. சாமி இருக்கற எடம்லா இது.”

கொங்சி வாசலில் ஒருவன் மீன் கழுவிக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் சிரித்தான். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு போய்ச் செம்பனை மரத்தடியில் ஊற்றினான். லோகேஸ்வரிக்கு அந்த மீன் வாடையும் சேர்ந்து குமட்டியது.

மூன்று வாரம் கழித்து லோகேஸ்வரியும் தர்மேந்திரனும் தோட்ட ஆபீசில் மேனேஜர் தங்கராஜு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொங்சி ஆட்கள்தான் காரணம் என்று ரிப்போர்ட் வந்தால் பதினொரு பேரையும் திங்கட்கிழமையே வெளியேற்றிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். வேலையும் போகும், பெர்மிட்டும் போகும். தர்மேந்திரன் புகார்க் கடிதத்தை மேசைமேல் தயாராக வைத்திருந்தார்.

“கக்கூஸ் கிருமி ரொம்ப இல்ல சார்,” என்றாள் லோகேஸ்வரி. “புளிச்சு அழுகற சாப்பாட்டுல வளருமே, அந்தக் கிருமிதான் நெறைய. யாரோ மூட்டை மூட்டையா சோத்தக் கொட்டறாங்க. அதான் அவ்ளோ புழு.”

தங்கராஜு முகம் சுளித்து, குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைத் தள்ளி வைத்தார்.

“சொன்னேன்ல?” தர்மேந்திரன் மேசையைத் தட்டினார். “தின்னுட்டு மிச்சத்தக் கொட்டியிருக்கானுங்க. சோத்த லோங்காங் சாக்கடைல கொட்டறவன் மனுசனா? அவன் கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்கக்கூடாது. சைன் போடுங்கலா மேனேஜர்.”

தங்கராஜு பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றியவர், என்ன தோன்றியதோ, நிறுத்தினார்.

“என்னா சாப்பாடும்மா? அதுகூடத் தெரியுமா?”

“தெரியும் சார். ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்.” அவள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். “அரிசி, துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலை, பூசணிக்காய், பசும்பால். வாழை எலை எக்கச்சக்கமா.”

“அவனுங்களும் சோறும் பருப்பும்தான திங்கறானுங்க,” என்றார் தர்மேந்திரன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

லோகேஸ்வரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கால்வாயில் வந்ததைவிட அதிகமாகக் குமட்டியது.

“மீன் இல்ல, கோழி இல்ல அங்கிள். வெங்காயம் பூண்டுகூட இல்ல.”