சுடுகிற கல்

அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு தெருவுக்குப் பதித்த கற்கள், டவுன் குப்பையை எரித்த சாம்பலில் வார்த்தவை. பொன்னியின் வாசலில் இருந்த ஒரு கல் மட்டும் சுட்டது. புகாரைப் பார்க்கத் தெருப்பணி மேற்பார்வையாளன் வளவன் பைக்கில் வந்தான்.

“ஷூவக் கழட்டிட்டு நில்லுங்க சார். அப்பதான் தெரியும்,” என்றாள் பொன்னி.

நின்றான். மார்கழிக் குளிரிலும் உள்ளங்கால் சுட்டது. அதைப் பெயர்த்துவிட்டு வேறு கல் வைத்தான். சற்று நேரத்தில் அதுவும் சுட்டது. அடியில் மணல் ஜில்லென்று இருந்தது.

“எவன் வூட்டுக் குப்பையையோ எங்க தலையில கட்டிட்டீங்க. தெரு மொத்தத்தையும் பேத்துக்கினு போங்க.”

“பேத்தா என் வேலை போயிடும்க்கா.”

“போவட்டும். அப்பிடி என்னத்ததான் போட்டு எரிச்சீங்க?”

வளவன் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தான். மனைவி இறந்த பதினேழாம் நாள், அவளுடைய புடவைகளை மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டவன் அவன்.

“எதுவா இருந்தாலும் நீங்களே கூட்டிக்கினு போயிடுங்க,” என்றாள் பொன்னி.

தூறல் விழுந்தது. தெரு நனைந்து கறுத்தது. அந்தக் கல்லில் மட்டும் இரண்டு சிறிய பாதங்களின் அளவுக்கு ஈரம் படவில்லை. பிறகு அதுவும் நனைந்தது. அடுத்த கல்லில் பாதங்கள் காய்ந்து தெரிந்தன. அதற்கடுத்த கல்லிலும் தெரிந்தன. பைக் நின்ற இடத்தோடு முடிந்தன.

பொன்னி வாசல் கல்லில் கால் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

வளவன் பைக்கை எடுத்தான். வழியெல்லாம் மழை பின்னாலிருந்து அடித்தது. முதுகு மட்டும் நனையவில்லை.