சுவரில் இருக்கும் நோன்னா

ஜெம்மா இழுப்பறையில் விரலை நசுக்கிக்கொண்டு வீறிட்டாள்.

பக்கத்தில் நின்ற அம்மாவைத் தாண்டி ஓடிவந்து, ஓர்னெல்லாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோன்னா."

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முள்கரண்டிகள் அப்படியே நின்றன.

அந்த வீட்டில் நோன்னா, அதாவது பாட்டி, சுவரில் படமாக இருக்கும் மிரெல்லாதான். ஜெம்மாவின் அப்பா சாண்ட்ரோவுக்கு அம்மா. ஜெம்மா பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்கு முன் சாண்ட்ரோ மகளைத் தூக்கி, அந்தப் படத்துக்கு முத்தம் கொடுக்க வைப்பான். நோன்னா என்று சொல்ல வைப்பான்.

அவன் அப்பா ரென்ஸோவுக்கு இரண்டாவது மனைவியாக வந்தவள் ஓர்னெல்லா. முத்த நேரத்தில் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கொதிக்காத தண்ணீரைக் கிண்டிக்கொண்டு நிற்பாள்.

சாண்ட்ரோ அவளைச் சித்தி என்பான். மகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தான்.

மருமகள் ஹைக்கே இரக்கப்பட்டாள். மியூனிக்கில் இருக்கும் என் அம்மா ஜெர்மன் பாட்டியாக ஓமா ஆகவில்லையா, அதுபோல நீங்களும் ஒரு பெயர் எடுத்துக்கொள்ளுங்களேன் என்றாள். கிரேக்கர்கள் யாயா என்கிறார்கள், ஸ்பெயினில் அபுவேலா, எவ்வளவு அழகு.

ஊரான் வீட்டுப் பாட்டியெல்லாம் எனக்கெதற்கு, நான் இத்தாலிக்காரி, அதிலும் ஃபெர்ராராக்காரி என்று சொல்லிவிட்டாள் ஓர்னெல்லா.

பூசணிக்காய் மசித்து ஊட்டியது அவள். காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது அவள். படத்தில் இருப்பவளோ சும்மா சிரித்துக்கொண்டே வாரம் தவறாமல் முத்தம் வாங்கினாள்.

செத்தவள்மேல் பொறாமைப்படக் கூடாது என்று பாதிரியார் சொன்னார். அந்தப் படத்தைத் தினம் துடைக்கிறவர் அவர் இல்லை.

சாண்ட்ரோ எழுந்துவந்து மகளைத் தூக்கினான்.

"இது சித்தி, கண்ணு. நோன்னா அங்க இருக்காங்க, பாரு."

ஜெம்மா சுவரைப் பார்க்கவில்லை. ரென்ஸோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர்னெல்லா கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை அவனிடமிருந்து வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"சாண்ட்ரோ, சின்ன வயசுலேர்ந்தே உங்கம்மா போட்டுப் பழசானதுதான் எனக்கு வரும். கவுன், செருப்பு, பள்ளிக்கூடத்துப் பை. தங்கச்சியாப் பொறந்தவளுக்கு வேற என்ன கிடைக்கும்? கடைசியில உங்கப்பாவும் அப்படித்தான் வந்தாரு. இந்த ஒரு பேரை மட்டும் அக்கா போட்டுப் பாக்கவே இல்லடா. இதாவது எனக்குப் புதுசா இருக்கட்டுமே."

ரென்ஸோ தலை நிமிர்ந்தார்.

சாண்ட்ரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

ஜெம்மா விரலை நீட்டி, ஊதச் சொல்லி மறுபடி அவளைக் கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை.