பனி பிடிக்காத கோடு

“எண்பது வயசு மனுஷன் கொட்டற பனியில விறகும் சுமந்து, பனியும் வாரறார். நீ உள்ள உக்காந்து காபி குடிக்கற. வெக்கமா இல்ல, டேரல்?”

டெட்ராய்ட்டிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்த லோரீன் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

தம்பி கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தான். “வந்ததும் ஆரம்பிச்சாச்சா? உக்காருக்கா. ஏலக்காய் ரொட்டி இருக்கு.”

“ரொட்டி கிடக்கட்டும். அது என்ன பூதம், முற்றத்துல?”

ஜன்னலுக்கு வெளியே, வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு தகரக் கொட்டகை புகைந்துகொண்டிருந்தது.

“விறகு பாய்லர். நானே செஞ்சது. பழைய எண்ணெய்த் தொட்டிக்குள்ள இன்னொரு தொட்டி. உள்ள தீ, சுத்தித் தண்ணி. சூடான தண்ணி மண்ணுக்கடியில குழாய் வழியா வந்து, நிலவறையில ஒரு லாரி ரேடியேட்டருக்குள்ள ஓடும். பின்னால ஃபேன். வீடு பூரா கதகதப்பு.”

“அதுக்கு விறகு போட அப்பாதான் கிடைச்சாரா?”

“வேளை தவறாமப் போடணும். தீ அணைஞ்சா குழாய் உறைஞ்சு வெடிச்சிடும். அவர்தான் பாத்துக்கறார்.”

சொல்கிற அழகைப் பாருங்கள்! ஆள் வைத்து நடத்துகிற முதலாளி தோற்றான்.

கதவு திறந்தது. அப்பா ஆர்வோ, மீசையெல்லாம் பனி, கையில் பனி வாரும் ஷவல். மகளைக் கட்டிக்கொண்டார். காபியை நின்றபடியே குடித்தார்.

“பிர்ச் கட்டை சட்டுனு எரிஞ்சுடும்மா. மேப்பிள் போட்டாத்தான் தாங்கும்,” என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

“நாளைக்கு அவரை என்னோட கூட்டிட்டுப் போறேன்,” என்றாள் லோரீன். “என் வீட்டுல சுவிட்சைத் தட்டினா சூடு வரும்.”

டேரல் முகம் சுண்டிப்போனது.

இரவுச் சமையலுக்கு உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினவள் அங்கேயே நின்றுவிட்டாள். பழைய கேஸ் ஹீட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பாய்லரிலிருந்து வரும் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு.

இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள்.

“வீட்டுக்குச் சூடு கேஸ்லதான் வருது! அப்புறம் அந்த மனுஷன் எதுக்குடா முதுகொடிய விறகு சுமக்கறார்?”

“மெதுவாப் பேசு.” டேரல் எழுந்து கதவைச் சாத்தினான். “குழாயைச் சுத்தி நான் வெச்ச பஞ்சு பத்தல. சூடெல்லாம் மண்ணுலயே போயிடுது. தோண்டிச் சரி பண்ணணும்னா உறைஞ்ச தரை இளகணும். மே மாசம் ஆயிடும்.”

“அதுவரைக்கும் தண்ணியை வடிச்சுட்டு அணைச்சுத் தொலையேன்!”

“அம்மா போனதுலேருந்து அவர் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தவர்தான், அக்கா. சட்டை மாத்தல. சூப்பை ஸ்பூன்ல ஊட்டினேன். நான் இதைப் பத்தவெச்ச அன்னிக்குத் தானா எந்திரிச்சு வந்து, ‘கட்டையத் தப்பா அடுக்கறியேடா, தத்தி’ன்னார். அன்னிலேருந்து எனக்கு முன்னால எந்திரிக்கறார். இது உதவாதுன்னு தெரிஞ்சா மறுபடி படுத்துடுவார். முழங்கால் வலி, நிலவறைப் படி இறங்க மாட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது.”

லோரீன் மறுபடி நிலவறைக்கு இறங்கி உருளைக்கிழங்கை எடுத்து வந்தாள்.

நறுக்கினாள். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். டேரலின் குறட்டை கூடம் வரை கேட்டது. காபி போட வந்த லோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பனி நின்றிருந்தது. முற்றம் முழுக்க வெள்ளை. பாய்லரிலிருந்து வீடு வரைக்கும் மட்டும், வகிடு எடுத்தாற்போல நேராக ஒரு கறுப்புக் கோடு. வெறும் ஈர மண். அதன்மேல் அப்பா, பக்கத்தில் கிடந்த பனியை ஷவலால் வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊரே பனியை வாரி அப்புறப்படுத்துகிறது. இவர் வெறுந்தரையைத் தேடிப் போய்க் கொட்டுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

வீட்டுச் செருப்போடு ஓடினாள். “அப்பா! என்ன பண்றீங்க?”

“உஷ்! அவன் தூங்கறான்.”

“சுத்தமா இருக்கற தரையில போய் யாராவது பனியைக் கொட்டுவாங்களா?”

“இந்தப் பனியிலயே பொறந்து வளந்தவன்டி நான். குழாய் போற வழியில மட்டும் பனி உருகினா, சூடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்போ... தெரிஞ்சேதான் விறகு போடறீங்களா?”

அப்பா ஷவலை ஊன்றி நின்றார். மூச்சு புகையாக வந்தது.

“மில்லுல வேலை போனதுலேருந்து உன் தம்பி அந்த நாற்காலியிலயே கிடந்தான். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தாலும் காது தொறந்துதான் இருந்துது. இதை வெல்டிங் பண்ணி முடிச்ச அன்னிக்கு அவன் விசிலடிச்சான், லோரீன்.”

வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. அப்பா அவசரமாகக் குனிந்தார்.

“மசமசன்னு நிக்காதே. அந்த இன்னொரு ஷவலை எடு. இந்தக் கறுப்புக் கோட்டை அவன் பாக்கறதுக்குள்ள மூடணும்.”