“ஒண்ணும் இல்ல டாக்டர்”

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயரைக்கூட டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சுகுமாறன் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு வருடமாக வேலை விட்டு வந்தால் சாப்பிடுவார், ஹாலிலேயே தூங்கிவிடுவார். என் பக்கம் திரும்புவதே இல்லை.

வேறு எவளோ இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டி, ரூமுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவரே பிரிக்பீல்ட்ஸில் டாக்டரைப் பார்க்க வேண்டும், நீயும் வா என்றார்.

டாக்டர் ஜனகாவுக்கு என் மகள் வயது இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோன் குறைந்தால் அசதி வரும், ஆசை போகும், எரிச்சல் வரும் என்றார். சர்க்கரை, உடம்பு எடை, தூக்கக் கேடு எதனாலும் குறையலாமாம். காலையில்தான் ரத்தம் எடுக்க வேண்டுமாம். ஒரு தடவை குறைந்திருந்தால் போதாதாம், இன்னொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டுமாம்.

எவளோ என்று நான் அழுதது இதற்கா? எனக்கு மலைப்பாகப் போய்விட்டது.

முதல் ரிசல்ட் குறைவு. இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்த அன்று டாக்டர் கேட்டார்.

“அங்கிள், வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? ஜாமு மூலிகை மருந்து, பவுடர் அந்த மாதிரி? அதுல என்ன கலந்திருக்குன்னே தெரியாது. ரிசல்ட்டும் மாறலாம், இதயத்துக்கும் ஆபத்து.”

ஆண்களுக்குத் தெம்பு தரும் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய தொங்காட் அலி வேர்ப் பவுடரை, எட்டு மாதமாக அவருக்குத் தெரியாமல் கோப்பியில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

அப்பாடா என்று எழுந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெளியே லிஃப்டுக்கு நின்றபோது, அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பயப்படாத. நீ கோப்பியில கலக்குறத நான் யார்கிட்டயும் சொல்லல.”

தெரிந்துகொண்டேவா குடித்தீர்கள் என்று கேட்டேன்.

“முதல் நாளே தெரியும். என்னா கசப்பு அது.” சிரித்தார். “வேணாம்னு தள்ளி வெச்சா, உன்னையே தள்ளி வெச்சிட்டேன்னு நெனைச்சிக்குவ லா. ஏற்கனவே ரூமுக்குள்ள அழுவுற.”

தூங்குகிறார் என்றுதானே நினைத்தேன்! இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகும், என்னைக் காட்டிக்கொடுக்காத மனுஷன்.

லிஃப்ட் கதவு திறந்தது. நான் ஏறவில்லை.

திரும்பி நடந்து, அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்குள் டாக்டர் அறைக்குள் போய், பவுடர் பெயர், எத்தனை கரண்டி, எத்தனை மாதம் எல்லாவற்றையும் சொன்னேன்.